முடிவு வராத கோப்பு

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வோல்டேஜ் நிக்கும்
எங்க ஜீவரத்தினம் நகர் மூணாவது மாடியில.
அதுக்கு முன்னாடி ஏசி வச்ச வீடெல்லாம்
கரண்டை உறிஞ்சிக்கினு இருக்கும்.

கேபினட்டுக்குப் பக்கத்து மூடி கிடையாது.
டேபிள் ஃபேனை அதும் பக்கம் திருப்பி வச்சிட்டு
நான் வேர்வையில உக்காந்திருப்பேன்.
திரையில பனி பெய்யும்.
பைன் மரம், மலை வளைவு, ஒரு சிவப்புக் கார்.

சும்மா ஓட்டினா நூத்திப்பத்து ஃப்ரேம்.
ரெக்கார்ட் பட்டனை அழுத்தினா முப்பத்தொண்ணு.
வளைவுல கார் திக்கும்,
கடன் கேக்க வந்தவன் வாசல்ல நின்னு திக்குற மாதிரி.

டில்லிபாபு வந்து பார்த்தான்.
கல்யாண வீடியோ எடிட் பண்றவன், கண்ணு எப்பவும் சிவந்திருக்கும்.
"பிராசசரே ஓட்டுது, பிராசசரே எழுதுது.
டிரைவரையே டிக்கெட் கிழிக்கச் சொன்னா
வண்டி எப்பிடிப்பா போவும்?"

கிராபிக்ஸ் கார்டுக்குள்ள ஓரமா
எழுதறதுக்குன்னே ஒரு சின்ன இடம் இருக்காம்.
ஆட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதாம்.
அங்க மாத்திவிட்டான்: நூத்தியஞ்சு.
கேம் ஒரு டிஸ்குல, பதிவு இன்னொரு டிஸ்குல.
"அறுபதுல கட்டு, கார்டு கொஞ்சம் மூச்சு விடட்டும்."
டீக்குக்கூட நிக்காம போயிட்டான்.

ஆனா பனி.
பனி பெய்யிற இடம் மட்டும் கட்டம் கட்டமா உடைஞ்சது.
சுவர் அசையாது, ஒரு தடவை எழுதினா போதும்.
வானத்தைப் பழசுல இருந்தே காப்பி அடிச்சிக்கலாம்.
பனித்துளி ஒவ்வொண்ணும் புதுசு,
ஒவ்வொண்ணும் தனியா இடம் கேக்கும்.
பிட்ரேட்டை இருபது, முப்பத்தஞ்சு, அம்பதுன்னு ஏத்தினேன்
பார்த்தே இராத பனிக்கு.
நான் பார்த்ததெல்லாம்
ஐஸ் லாரி பின்னாடி ரோட்டுல சிந்திக்கினு போற துருவல்தான்.

மூணு மணிக்கு எப்சி அக்கா எழுந்துக்குவா.
காசிமேட்டுல ஏலக் கணக்கு எழுதறா.
கூவுறவர் கூவுவார், விரல் விரலா விலை ஏறும்,
தள்ளுமுள்ளு நடக்கும், கூடை கவுறும்.
இவ தலை நிமிர மாட்டா. மீனைத் தொட மாட்டா.
பிளாஸ்டிக் கவர்ல நோட்டு, காதுல பென்சில்.
பேனா ஈரத்துல அழிஞ்சிடும்.

அன்னிக்கு என் பின்னாடி நின்னு தலை வாரிக்கினே
"இன்னும் அதே ரோடாடா?" ன்னா.
அதே ரோடுதான்.
ஆனா ஒரு வளைவுலயும் சக்கரம் வழுக்கலை,
ஒரு ஃப்ரேமும் விழலை,
நாலு நிமிஷம், கடைசி இறக்கம், தூரத்துல கொடி தெரியுது,

கரண்ட் போச்சு.

இருட்டுல சீப்பு முடியில இழுபடுற சத்தம் மட்டும் கேட்டுது.

காலையில பார்த்தா கோப்பு இருந்தது.
ஒன்றரை ஜிபி கனமும் இருந்தது.
திறக்கலை.

"எம்பி4-ஆ வச்சிருந்தே?" டில்லி போன்ல கொட்டாவி விட்டான்.
"அது கடைசியில கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்.
முடிவு வரலைன்னா எதுவுமே நடக்கலைன்னு சொல்லிடும்.
எம்கேவி வை.
நின்ன இடம் வரைக்கும் காட்டும்."

அக்கா தூங்கினா. நோட்டு கட்டில்மேல காய்ஞ்சிது.
ஃபேன் காத்துல பக்கம் தானா புரண்டு
போன டிசம்பர்ல போய் நின்னுச்சு.
தேதி, படகு நம்பர், மீன், கூடை, விலை.
ஒரு வரியில நம்பர் இருக்கு, வஞ்சிரம் இருக்கு,
ஏழு கூடைன்னு இருக்கு.
விலைக் கட்டத்துல பென்சில் ஒரு புள்ளி வச்சதோட நின்னிருக்கு.
அடுத்த வரிக்குப் பதினேழு நாள் கழிச்சுத் தேதி.

அந்த நாள் எனக்குத் தெரியும்.
ஏல சத்தத்துக்கு நடுவுல அவளுக்கு போன் போட்டது நான்தான்.

நோட்டை மூடி வச்சேன்.

ராத்திரி ரெண்டு மணி. எம்கேவி. அம்பது.
பனி பெய்ய ஆரம்பிச்சது.
மூலையில சிவப்பா ஒரு புள்ளி,
பக்கத்துல சின்ன எழுத்துல:
விழுந்த ஃப்ரேம், பூஜ்யம்.